சத்துப்பொடி இறங்காத இருபத்தேழு நாள்

அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். பளபளா ஈரத்துணியைத் தேடுவான். அந்த மாவு மில்லில் பதினாறு வருடமாக இதுதான் கதை. அவனுக்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டில் சௌக்கியமாக இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவன் பளபளாதான். கைப்பிடி, கதவு, சுவிட்சு, அடுத்தவர் சைக்கிள் மணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிடுகிற கை அவனுக்கு.

மூன்றாம் தேதியும் துடைத்தான். துடைத்த இடம்தான் சரியில்லை.

மில்லில் கோதுமை அரைபட்டு, மாவாகி, ஒரு நீளமான தொட்டி வழியாக மெதுவாக நகர்ந்து மூட்டைக்குப் போகும். அந்தத் தொட்டிக்கு மேலே ஒரு எவர்சில்வர் பெட்டி. அதற்குள் சத்துப்பொடி. பெட்டியின் அடியில் ஒரு திருகு சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றச் சுற்றப் பொடி கொஞ்சம் கொஞ்சமாக மாவில் இறங்கும். ஒரு டன் மாவுக்குக் கால் கிலோகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. அந்தப் பெட்டிக்குப் பளபளாதான் பொறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மில்லைச் சுற்றிப்பார்க்க வந்தால் அவன்தான் விளக்கம் சொல்லுவான். பயிற்சி வகுப்பில் கேட்டதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். "இதுல இரும்புச் சத்து இருக்கு, ஃபோலிக் அமிலம் இருக்கு. பிள்ளை உண்டானது அம்மாவுக்கே தெரியறதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ளைக்கு முதுகுத்தண்டு உருவாக ஆரம்பிச்சிடும். அப்ப மாத்திரை குடுக்க யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் எல்லாரும் தின்னற மாவுலயே போட்டுடறோம்." சொல்லும்போது தானே அந்தப் பிள்ளைகளையெல்லாம் பெற்றுப் போட்டது போல ஒரு முகம் வைத்துக்கொள்வான்.

அன்றைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரியின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டியின் வாயில் லேசாகப் பொடி படிந்திருந்தது. பளபளாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு, திருகுக்கு மேலே பெட்டி குறுகுகிற கழுத்து வரைக்கும் ஒரு சுற்று துடைத்தான். பெட்டிக்கு மேலே 'ஈரம் படக்கூடாது' என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு. அதையும் அவன் வருடக்கணக்காக ஈரத்துணியால் துடைத்து வந்ததில், எழுத்தெல்லாம் போய் நல்ல சுத்தமான வெள்ளைக் காகிதமாக இருந்தது.

அதிகாரி பெட்டியில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு போனார்.

ஈரம் பட்ட பொடி கழுத்தில் போய்ச் சிமெண்டு போல இறுகியது. திருகு அதற்குக் கீழே சும்மா சுற்றியது. மோட்டார் ஓடியது, பச்சை விளக்கு எரிந்தது, பொடி மட்டும் இறங்கவில்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியில் பொடி கொட்ட வேண்டும். நாலு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று, பெட்டி நிறைந்தபடியே இருந்தது. மூளை என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தால் அங்கேயே கையைத் தூக்கியிருக்கும். பளபளாவோ, தான் துடைத்த துடைப்பில் இயந்திரம் சிந்தாமல் சிதறாமல் வேலை செய்கிறது என்று முடிவு கட்டினான். மேனேஜரிடமும் அதையே சொன்னான். சத்துப்பொடி மிச்சமாகிறது என்று கேட்டதும் மேனேஜரும் யோசிப்பதை விட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டார். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று பளபளாவின் போட்டோவை அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். கண்ணாடி போட்ட போட்டோ. அதையும் அவன் தினமும் துடைத்தான்.

சரி, ஆய்வுக்கூடம் என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. தினமும் ஓடுகிற மாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, பாட்டிலில் அடைத்து, தேதி ஒட்டி லேப் அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதில் இரண்டு சொட்டு மருந்து விடுவார். இரும்பு இருந்தால் மாவில் சிவப்புப் புள்ளிகள் பூக்கும். ஆனால் ஓடுகிற தொட்டியைத் திறந்தால் மாவு எழும்பி மேலெல்லாம் கொட்டும், துவைத்த சட்டை பாழாகும். அதனால் பளபளா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். முதல் தேதியன்று ஒரே மூட்டையிலிருந்து முப்பது பாட்டிலை நிரப்பி வைத்துக்கொள்வான். தினமும் ஒன்றுக்குத் தேதி ஒட்டிக் கொடுப்பான். எல்லாம் ஒரே மாவுதானே என்பது அவன் வாதம். யாரும் கேட்காததால் அந்த வாதத்தில் அவன் தோற்றதே இல்லை.

முப்பது பாட்டிலும் ஈரத்துணிக்கு முந்தியவை. முப்பதும் சிவப்பாகப் பூத்தன.

வீட்டில் அப்போது தங்கை வந்திருந்தாள். ஆறு மாதம். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன், பிரசவத்துக்குத்தான் வருவான். மில்லில் ஊழியர்களுக்குக் கொடுக்கிற மாவு மூட்டை ஆறாம் தேதி வீட்டுக்கு வந்தது. மூன்று வேளையில் இரண்டு வேளை ரொட்டிதான்.

தங்கைக்கு ஒரே ஒரு பிரச்சினை, இரும்பு மாத்திரை. விழுங்கிய அரைமணியில் வெளியே வந்துவிடும்.

"ஆணியைச் சப்புற மாதிரி இருக்குண்ணா. நாள் பூரா வாயில அதே நாத்தம்."

பளபளா ரொட்டியைக் கிழித்துக்கொண்டே சொன்னான். "அப்ப விடு. எதுக்குக் கஷ்டப்படற? அந்த மாத்திரைல என்ன இருக்கோ அதுதான் இந்த ரொட்டிலயும் இருக்கு. என் கையால போடறேன். நீ ரெண்டு ரொட்டி சேத்துத் தின்னு, போதும்."

"அதை டாக்டருல்ல சொல்லணும்," என்றாள் அவன் மனைவி, அடுப்படியிலிருந்து.

"டாக்டருக்கே மாவு எங்க மில்லுலேர்ந்துதான் போகுது."

தங்கை சிரித்தாள். மாத்திரை அட்டை அலமாரியில் துணிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வகுப்பில் அவனுக்குச் சொல்லித் தந்தவர்கள் மாவு மாத்திரைக்குப் பதில் ஆகாது, மாசமாக இருக்கிறவர்கள் இரண்டும் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் அவன் ஜன்னலில் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி மாலை, தாய்சேய் மையத்துக்குப் போன தங்கை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். போன மாதம் ரத்தம் பத்துக்கு மேலே இருந்தது, இப்போது எட்டரை. நர்ஸம்மா நகத்தைப் பார்த்தாராம், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாராம், ஐந்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொன்னாராம்.

"என்ன சாப்பிடறேன்னு கேட்டாங்க. எங்கண்ணன் மில்லு மாவுதான்னு சொன்னேன். அவங்க உதட்டைப் பிதுக்கினாங்கண்ணா."

மில்லைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் பளபளாவுக்குத் தன் முகத்தில் பிதுக்கினது மாதிரி. லேப் அக்காவிடம் எப்போதோ வாங்கி வைத்திருந்த மருந்து பாட்டிலை அவன் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தான். விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டுவதற்கென்றே வைத்திருந்தது அது.

"உக்காருங்க ரெண்டு பேரும். நர்ஸம்மாவுக்குத் தெரியாததை நான் காட்டறேன்."

வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி மாவைக் கொட்டி, கரண்டியால் தட்டித் தட்டி மட்டமாக்கினான். மாவில் ஒரு சுருக்கம்கூட இல்லாதபடி ஓரத்தையும் துடைத்தான். பிறகு ஒரு மந்திரவாதியைப் போல நாலு இடத்தில் மருந்தைச் சொட்டினான்.

"இப்ப பாருங்க. செவப்பா புள்ளி புள்ளியா வரும்."

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"கொஞ்ச நேரம் ஆகும்," என்றான்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தங்கை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஈரம் பட்ட நாலு இடமும் கொஞ்சம் பள்ளமாகி, வெள்ளையாகவே இருந்தன. பளபளா இன்னும் நாலு சொட்டு விட்டான். பிறகு பாட்டிலைக் கவிழ்த்தே விட்டான். தட்டு கஞ்சியாயிற்று. கஞ்சியும் வெள்ளை.

"செவப்பு எங்கண்ணா?" என்றாள் தங்கை. கேலியாக இல்லை, நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள்.

நிறைந்தபடியே இருந்த பெட்டி கண்முன் வந்து நின்றது. அந்த ஒரு விநாடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மருந்து பழசு," என்றான். "கெட்டுப்போச்சு."

தட்டை அவனே கழுவினான். இரண்டு முறை கழுவினான்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பெட்டியைக் கழற்றினான். கழுத்தில் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கட்டி. ஸ்குரூ டிரைவரை வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உடைந்து விழுந்ததைக் கையில் வைத்துப் பார்த்தான். துணியின் நெசவு அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

மேனேஜர் அறைக்குப் போகிற வழியில் அவன் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் கடப்பதற்காகச் சுவரோரமாக நடந்தான்.

"எத்தனை நாளா?" என்றார் மேனேஜர்.

"இருபத்தேழு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது." மேனேஜர் கதவைச் சாத்தினார். "ஆனா பாட்டில் எல்லாம் செவப்புன்னுதான ரிப்போர்ட் வந்துது? அது எப்படி?"

பளபளா எப்படி என்று சொன்னான். மேனேஜர் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இதை நீ சொல்லல. நான் கேக்கல," என்றார்.

"சார், அந்த மாவு ஊர் பூரா போயிருக்கு. தாய்சேய் மையத்துக்கும் நம்ம பாக்கெட்தான். மாசமா இருக்கறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என்னாலதானா?"

"யோவ், நான் மேனேஜர்யா. டாக்டர் இல்ல."

"இருந்தாலும் சார்."

"மாவு மாவாத்தான இருந்துது? கல்லு மண்ணு எதுவும் கலக்கலியே. பெட்டியை மாட்டு, ஓட்டு. போட்டோல்லாம் மாட்டி வெச்சிருக்கோம், கழட்ட வெச்சிடாத."

பெட்டியை மாட்டினான், ஓட்டினான். பொடி இறங்குகிறதா என்று முழங்காலில் உட்கார்ந்து பார்த்தான். இறங்கியது. பிறகு லேப் அக்காவிடம் போனான். பாட்டில் சமாசாரத்தைச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார் என்பது தெரிந்தது. "எனக்கு வந்த பாட்டில் செவந்துது. செவந்துதுன்னு எழுதினேன். அத்தோட என் எல்லை முடிஞ்சுது தம்பி. நீ இதை ஏன் எங்கிட்ட சொன்ன?"

மறுநாளிலிருந்து அவன் ஓடுகிற தொட்டியைத் திறந்து மாவு எடுத்தான். தினம் இரண்டு வேளை. மாவு தலையிலும் புருவத்திலும் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து வாட்ச்மேன், "என்ன பளபளா, வயசாயிடுச்சா?" என்றார்.

மில்லில் எல்லோரும் நழுவினார்கள் என்று கோபப்படுவதற்கு அவனுக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் வீட்டில் நழுவிக்கொண்டிருந்தது அவன்தான்.

"அந்த மருந்து நெஜமாவே பழசாங்க?" என்றாள் மனைவி.

"பசிக்குது, சாப்பாடு போடு," என்றான்.

தங்கையை எப்படியாவது மாத்திரை சாப்பிட வைக்க வேண்டும். ஆனால் ஏன் என்று சொல்லக்கூடாது. இதற்கு நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக முடியுமோ அவ்வளவு முட்டாளானான். முதலில் பொதுவாகச் சொல்லிப் பார்த்தான். "மாத்திரையும் ஒண்ணு போட்டுக்கயேன். ஒண்ணும் கெட்டுப்போகாது."

"நீதானண்ணா வேண்டாம்னு சொன்ன?"

"நான் சொன்னா? நான் என்ன டாக்டரா?"

"டாக்டருக்கே மாவு எங்க மில்லுலேர்ந்துதான் போகுதுன்னு சொன்ன."

சொன்னது சொன்னபடி ஞாபகம் வைத்துக்கொள்கிற குடும்பம் அது. அடுத்த நாள் அவன் மாத்திரையைப் பொடிசெய்து, மனைவிக்குத் தெரியாமல் மாவில் பிசைந்துவைத்தான். ரொட்டி கறுப்புப் புள்ளிகளோடு வந்தது.

"இது என்னண்ணா, கறுப்பா?"

"கருகியிருக்கும்."

"மேல கருகல. உள்ளதான் கறுப்பா இருக்கு." தங்கை ஒரு துண்டு வாயில் போட்டாள், அப்படியே எழுந்து வாசலுக்கு ஓடினாள். மனைவி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்த மனைவி தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தை எடுத்து அவன் கைக்கு எட்டாத பரணில் வைத்தாள்.

நாலு நாள் இப்படி ஓடியது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து மூன்று பேரும் அதே மூட்டையின் மாவைத் தின்றார்கள். மூட்டையை மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே. தங்கை மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுவதை அவன் கீழேயிருந்து கேட்டான். எட்டுப் படி, ஒரு நிறுத்தம். எட்டுப் படி, ஒரு நிறுத்தம்.

ஐந்தாம் நாள் அவளோடு அவனும் மையத்துக்குப் போனான். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வருவதைப் பார்த்துத் தங்கைக்கு ஆச்சரியம். "மில்லு எப்படிண்ணா நீ இல்லாம ஓடும்?" என்றாள்.

"நான் இருந்து ஓடின லட்சணம் போதும்," என்றான். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

நீளமான அறை. சுவரோரமாக இரண்டு பெஞ்சு, அதில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள். எடை பார்க்கிற இயந்திரம் ஒன்று, ஏறினால் ஆடியது. மூலையில், கூரை வரைக்கும் இல்லாவிட்டாலும் அவன் நெஞ்சு வரைக்கும், மாவு பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் அவன் மில்லின் முத்திரை. பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு கிலோ பாக்கெட் இலவசம். பளபளா பெஞ்சில் உட்காரவில்லை. பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்று ஓரத்தில் அடித்திருந்த தேதியைப் படித்தான். பதினேழாம் தேதி. அடுத்ததும் பதினேழு. அதற்கு அடுத்தது பதினெட்டு.

மேசைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை வந்திருந்தாள் போல. கூட வந்த மாமியார் அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?" நர்ஸம்மா கேட்டார்.

"நாப்பத்தஞ்சு நாளுங்க. எங்களுக்கே நேத்துதான் தெரியும். வாயைத் தெறந்து சொன்னாத்தான?"

"என்ன சாப்பிடறா?"

"ரொட்டிதான். இந்த மில்லு மாவுதான் கடைல வாங்கறோம். உடம்புக்கு நல்லதுன்னு எழுதியிருக்குல்ல."

நர்ஸம்மா தலையாட்டி, அட்டையில் எழுதிவிட்டு, எழுந்து வந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். பதினெட்டாம் தேதி பாக்கெட். சின்னப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள நீட்டினாள்.

"அதைக் குடுக்காதீங்க," என்றான் பளபளா.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸம்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் சார், பூச்சி இருக்கா?"

"பூச்சி இல்லைங்க. அதுல எதுவுமே இல்ல."

"புரியல. நீங்க யாரு?"

"இந்த மாவுல சத்துப்பொடி போடற ஆளு நான். போன மாசம் மூணாம் தேதிலேர்ந்து இருபத்தொம்பது வரைக்கும் போடல. போட்டுட்டதா நெனச்சுக்கிட்டிருந்தேன். பெட்டியை ஈரத்துணியால தொடச்சேன், அடைச்சுக்கிச்சு."

பெஞ்சில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் நிறுத்தினாள். தங்கையை அவன் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றான்.

நர்ஸம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒவ்வொரு லாரிக்கும் டெஸ்ட் பண்ணின சர்டிபிகேட் வருதே."

"அதுவும் நான்தாங்க. தினம் எடுக்க வேண்டிய மாவை ஒரே நாள்ல எடுத்து வெச்சுட்டேன். சட்டை அழுக்காகுதுன்னு." சொல்லும்போதுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவன் காதுக்கே கேட்டது. ஏதாவது பெரிய காரணமாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினான். "தெரிஞ்சு நாலு நாளாச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன். இங்க வந்து சொல்லல."

சின்னப் பெண்ணின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மாமியார் அதை மெல்ல இறக்கிவிட்டாள்.

"ஏங்க, அப்ப நாங்க இவ்ளோ நாளாத் தின்னது?" என்றாள் மாமியார்.

"வெறும் மாவுங்க."

அதற்குப் பிறகு நர்ஸம்மா வேகமாக வேலை செய்தார். பாக்கெட்டுகளைத் தேதி பார்த்துப் பிரிக்கச் சொன்னார். பளபளாதான் பிரித்தான், கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. நர்ஸம்மா தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். போனில் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது அறைக்கே கேட்டது. உள்ளேயிருந்து மாத்திரை அட்டைகள் கொண்டு வந்தார். சின்னப் பெண்ணின் அட்டையை மறுபடி வாங்கி, ஏதோ எழுதி, இரண்டு வட்டம் போட்டு, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வைத்தார். அவள் போகும்போது பளபளாவைத் தாண்டித்தான் போக வேண்டும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் விரலை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள். அந்த மரியாதை அவனை என்னமோ செய்தது.

தங்கையின் முறை வந்தது. எட்டு புள்ளி இரண்டு. மாத்திரையைப் பற்றி நர்ஸம்மா கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் அதையும் அவனே சொன்னான்.

"எழுதிக் குடுக்கணும் நீங்க," என்றார் நர்ஸம்மா. "மேல இருந்து வருவாங்க. வேலை போகலாம்."

"எழுதறேங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவளுக்கு ரத்தம் கொறைஞ்சது, அந்தப் பொண்ணு, அப்புறம் இங்க வராத மத்தவங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, அது என்னாலதானா?"

நர்ஸம்மா பேனாவை மூடினார். அவர் நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். "ரத்தம் கொறையறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் சார். எதனாலன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. வந்து சொன்னீங்கல்ல, அதுவே பெரிசு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அடி வாங்குவதற்கென்று முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கு விசிறி எடுத்து வீசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எழுதிக் கொடுத்தான்.

வெளியே, மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரில் ஒரு சிமெண்டுத் திண்டு. தங்கை அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். புது மாத்திரை அட்டையைக் கிழித்து, ஒன்றை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளே போனது வெளியே வராதபடி கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தாள். அவன் தள்ளி நின்றான்.

"உக்காரு," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

உட்கார்ந்தான். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டு.

"அண்ணி கேட்டப்பவே நீ சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"ஆமா."

"ரொட்டில மாத்திரையைப் பொடிச்சுப் போட்டது நீதான?"

"ஆமா."

"அண்ணி அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் அண்ணன் அப்படில்லாம் செய்யாதுன்னேன்."

ஜன்னலில் யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். ஒரு பெண் இடுப்பில் கை கொடுத்து எழுந்து போனாள்.

"நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்," என்றான் பளபளா. "மேனேஜர், லேப் அக்கா, இப்ப இவங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கமாப் போறாங்க. நீ சொல்லு. என்னாலதானா?"

தங்கை அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளிறியிருந்தது. கோபம் இருக்கிறதா என்று தேடினான், களைப்புதான் தெரிந்தது.

"மாத்திரையை நிறுத்தினது நான். எனக்கு அது பிடிக்கல, நீ சொன்னது வசதியா இருந்துது. அதுல பாதி என்னோடது. பெட்டி அடைச்சுக்கிட்டது உனக்குத் தெரியாது. சட்டைக்காக நீ பாட்டிலை ரொப்பி வெக்காம இருந்திருந்தா மறுநாளே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சப்புறமும் நாலு நாள் என் எதிர்ல உக்காந்து, நான் தின்னறதைப் பாத்துக்கிட்டே நீயும் தின்ன. அது பூரா உன்னாலதான்."

அவன் தலையாட்டினான். "அந்தச் சின்னப் பொண்ணுக்கு?"

"அவளுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆச்சுன்னா, ஆமாண்ணா. உன்னாலயும்தான்."